தேடினால் சிக்காத 'மௌனம்'

பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் கதையில் எந்தச் சொல் அளவுக்கு மீறி வருகிறது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். 'மௌனம்' கூடிவிட்டது என்று தெரிந்து, தேடித் தேடிக் குறைத்தேன். தேடல் 'இல்லை' என்றது. ஆனால் பக்கத்தில் கண்ணெதிரே இருந்தது.

எழுத்துருவை மாற்றினேன், கோப்பைப் புதிதாகச் சேமித்தேன், வேறு செயலியில் திறந்தேன். நாட்கள்தான் போயின.

கைப்பேசியை வாசிக்கவிட்டபோதுதான் பிடிபட்டது: 'மெ-ளனம்' என்றது! ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் எகரக் கொம்பும் 'ள' என்ற முழு எழுத்தும். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் அப்படித்தான் அடிப்போம்; பழைய எழுத்துருவில் அடித்ததை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவி அதை அப்படியே கொண்டுவந்துவிட்டது. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சோதிக்க எளிய வழி, சொல்லின் 'மௌ'வை அடுத்துக் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அடிப்பது. சரியான குறி என்றால் 'ம' மிஞ்சும். போலி என்றால் 'மெ'.

அப்புறம், 'ெள' வரும் இடத்தையெல்லாம் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். வெள்ளம், தெளிவு, வெளிச்சம் எல்லாம் நாசமாகும். மெளன, கெளர, பெளர்ண, யெளவன என்று தனித்தனியாகக் கொடுத்து மாற்றினேன். பிறகு தேடல் எல்லா 'மௌன'த்தையும் காட்டியது, பாதியை வெட்டினேன். வரிமுனையில் 'மெ' ஒரு வரியிலும் 'ளனம்' அடுத்த வரியிலுமாக உடைந்ததும் இதனால்தானாம். அதுவும் நின்றது.