மார்பகத்தைக் காத்துப் புற்றுக்கட்டியை அகற்றுதல்: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்பகத்தில் புற்றுநோய் என்று அறிக்கை வந்தவுடன், "மார்பை முழுசா எடுத்துட்டா பயமில்லையே" என்ற பேச்சுதான் நம் பல வீடுகளில் முதலில் எழுகிறது. அக்கறையில் பிறக்கும் பேச்சுதான் என்றாலும், தொடக்க நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட நோய்க்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. கட்டியையும் அதைச் சுற்றிய சிறிதளவு நல்ல தசையையும் மட்டும் அகற்றிவிட்டு, மீதமுள்ள மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பதே மார்பகக் காப்பு அறுவை சிகிச்சை. இத்தாலியின் மிலான் நகரில் அறுவை மருத்துவர் உம்பெர்த்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார். அமெரிக்காவில் அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் 1976-இல் மற்றோர் ஆய்வைத் தொடங்கினார். இருவரும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட முடிவுகளில், மார்பகத்தை முழுதும் அகற்றிக்கொண்டவர்களும் காத்துக்கொண்டவர்களும் உயிர் வாழ்ந்த விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

ஃபிஷரின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 100-க்கு 39 பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 14 பேருக்குத்தான் திரும்பியது. இன்றைய மருந்துகளால் இந்த எண்கள் இன்னும் குறைந்துவிட்டன என்றாலும், கதிர்வீச்சு இந்தச் சிகிச்சையின் பாதி என்பது மாறவில்லை. ஆகவே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, கதிர்வீச்சை எந்த ஊரில், யார் துணையோடு, எந்தச் செலவில் முடிக்கப்போகிறோம் என்பதை முடிவுசெய்துவிட வேண்டும். நான் இங்கே வலியுறுத்த விரும்புவது முதன்மையாக இதைத்தான்.

கத்தி வைப்பதற்கு முன்

கட்டி தட்டுப்பட்டால், அது என்னவென்று தெரியாமலேயே அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் அதை அறுத்தெடுக்கச் சம்மதிக்காதீர்கள். அப்படி அவசரமாக எடுக்கப்பட்ட கட்டி பின்னர் புற்று என்று தெரியவந்தால், ஓரங்களில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று சொல்ல முடியாமல் போகும். தழும்பும் தவறான இடத்தில் விழுந்து, மார்பகத்தைக் காக்கும் வாய்ப்பே குறைந்துவிடும். முதலில் இரு மார்பகங்களுக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அதனுடன் மார்பகத்துக்கும் அக்குளுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பிறகு தடித்த ஊசியால் சிறு துண்டுகள் எடுக்கும் சதைப் பரிசோதனை என்ற வரிசையே சரியானது. "ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்" என்று உறவினர்கள் சொல்லும் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அந்தப் பரிசோதனை இல்லாமல் சரியான சிகிச்சையைத் திட்டமிடவும் முடியாது.

சதைப் பரிசோதனையில் ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள், புற்றணுவின் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் என்ற மூன்றையும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஹார்மோன் மாத்திரை வேண்டுமா, கீமோ வேண்டுமா, கீமோவை அறுவைக்கு முன்பே தொடங்குவது நல்லதா என்பவையெல்லாம் இவற்றைச் சார்ந்தே முடிவாகின்றன. பரிசோதனைக் கூடத்தில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கண்ணாடித் தகடுகளையும் (ஸ்லைடு) கேட்டு வாங்கி, அறிக்கைகளோடு ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். ஓர் ஊரில் பரிசோதனையும் வேறோர் ஊரில் சிகிச்சையும் என்று அலைய நேரும் நம் மாவட்டத்தில், இவற்றைக் கையில் வைத்திருக்கும் குடும்பம் பல நாள் காத்திருப்பைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

யாருக்குப் பொருந்தும்

கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட, மார்பகத்தின் அளவோடு ஒப்பிடும்போது அது எவ்வளவு என்பதே முக்கியம். சிறிய மார்பகத்தில் 3 சென்டிமீட்டர் கட்டி பெரிது. பெரிய மார்பகத்தில் அதை எடுத்த பிறகும் வடிவம் நன்றாகவே இருக்கும். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோவோ, சிலருக்கு ஹார்மோன் மருந்தோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை செய்யலாம். அப்படிச் செய்வதாக இருந்தால், கட்டி இருந்த இடத்தில் சிறு உலோகக் கிளிப் ஒன்றை முன்கூட்டியே வைக்கச் சொல்ல வேண்டும். மருந்தில் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால், அறுவை மருத்துவருக்கு இடத்தைக் காட்ட அந்தக் கிளிப்தான் மிஞ்சும். அக்குளில் நெறி கட்டியிருப்பது (நிணநீர்க் கணு வீங்கியிருப்பது) மட்டுமே மார்பகத்தை அகற்றுவதற்குக் காரணமாகாது.

முழுதும் அகற்றுவதே நல்லது என்ற நிலைகளும் உண்டு. மேமோகிராமில் மார்பகம் முழுவதும் சந்தேகத்துக்குரிய சுண்ணாம்புப் புள்ளிகள் பரவியிருப்பது, மார்பகமே சிவந்து வீங்கும் வகைப் புற்று, முன்பே அந்தப் பக்கம் கதிர்வீச்சு பெற்றிருப்பது, கர்ப்பத்தின் தொடக்க மாதங்கள், தோலை இறுக்கும் ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய்கள், எத்தனை முறை எடுத்தும் ஓரங்கள் சுத்தமாகாமை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இளம் வயதிலேயே நோய் வந்தவர்களும், தாய், சகோதரி, சித்தி, அத்தை வழியில் மார்பகப் புற்றோ சூலகப் (சினைப்பை) புற்றோ இருந்தவர்களும் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மார்பகத்தை முழுதாக எடுத்துவிட்டால் கீமோவிலிருந்து தப்பிக்கலாம் என்று எண்ணி அதற்குச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். கீமோ வேண்டுமா என்பதை நோயின் தன்மையும் நெறிகளின் நிலையும் தீர்மானிக்கின்றன. எந்த அறுவை செய்தோம் என்பது தீர்மானிப்பதில்லை. இதை மருத்துவர் வாயாலேயே கேட்டுத் தெளிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கதிர்வீச்சுக்கான ஏற்பாடு

"கரண்ட் வைப்பது" என்று நம் ஊரில் சொல்லும் இந்தச் சிகிச்சை வாரத்துக்கு 5 நாள் நடக்கும். முன்பு 25 நாள் கொடுத்த இடத்தில் இப்போது பலருக்கு 15 அல்லது 16 நாளில், அதாவது ஏறத்தாழ 3 வாரங்களில் முடிக்கிறார்கள். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நாள் சிலருக்குத் தேவைப்படும். தகுதியுள்ளவர்களுக்கு 5 நாளில் முடிக்கும் முறையும் வந்துவிட்டது. "எனக்கு மொத்தம் எத்தனை நாள், குறுகிய முறை பொருந்துமா" என்று அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு மருத்துவரைப் பார்த்துக் கேளுங்கள். 65, 70 வயதைத் தாண்டி, கட்டி சிறிதாகவும் ஹார்மோன் சார்ந்ததாகவும் இருந்து, நெறிகளில் நோய் இல்லாதவர்களுக்கு, ஹார்மோன் மாத்திரையைத் தவறாமல் எடுப்பார்கள் என்ற உறுதியின் பேரில் கதிர்வீச்சையே தவிர்ப்பதும் உண்டு.

நெய்யூரில் புற்றுநோய்க்கென்று மருத்துவமனை இருப்பதால் கல்குளம், கிள்ளியூர் வட்டாரத்தவர்களுக்கு அது பக்கம். களியக்காவிளை, கொல்லங்கோடு பகுதியினர் 1981-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடுவது வழக்கம். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தவர்களுக்குத் திருநெல்வேலி எளிது. அறுவையை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொண்டு கதிர்வீச்சுக்கு வேறிடம் போவதானால், இரு மருத்துவர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும்படி கடிதத்தோடு செல்லுங்கள். அருமனையிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ இரண்டு பேருந்து மாறி நாள்தோறும் போய்வருவது 3 வாரத்துக்கு முடியுமா, மழைக்காலமாக இருந்தால் என்ன செய்வது, அருகில் தங்க உறவினர் வீடு உண்டா என்பதையெல்லாம் வீட்டார் கூடிப் பேச வேண்டும். ஒருவேளை எந்த வகையிலும் கதிர்வீச்சை முடிக்க இயலாது என்று தெரிந்தால், மார்பகத்தை முழுதும் அகற்றிக்கொள்வதே பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. அதில் தோல்வி ஏதுமில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழுடன் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தை அணுகலாம். அனுமதி சிகிச்சைக்கு முன்பே வாங்கப்பட வேண்டியது. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது பயன்படாது. மாநில எல்லையைத் தாண்டிப் போவதாக இருந்தால் அந்த மருத்துவமனையில் இத்திட்டம் செல்லுமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அறுவையும் அதன் அறிக்கையும்

அறுவை மயக்க மருந்தில் நடக்கும். கட்டியை மட்டும் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். அக்குளில் நெறி தட்டுப்படாதவர்களுக்கு, நீல மையையோ கதிரியக்க மருந்தையோ செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் காவல் நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா நெறிகளையும் எடுப்பதைவிட இதில் கைவீக்கம் மிகக் குறைவு. நீல மை செலுத்தப்பட்டவர்களுக்குச் சிறுநீர் ஓரிரு நாள் நீலப்பச்சையாகப் போகும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

எடுத்த தசையின் ஓரங்களில் மை பூசிச் சோதிப்பார்கள். மை பட்ட விளிம்பில் புற்றணு இல்லையென்றால் ஓரம் சுத்தம் என்று பொருள். பரவும் வகைப் புற்றுக்கு இதுவே போதும் என்று 2014 முதல் ஏற்கப்பட்டுள்ளது. பால்குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்பப் புற்றுக்கு மட்டும் 2 மில்லிமீட்டர் இடைவெளி பார்ப்பார்கள். சிலருக்கு ஓரம் சுத்தமாக இல்லை என்று வந்து, மறுபடியும் சிறிது தசை எடுக்க நேரிடும். இந்த வாய்ப்பை நோயாளியிடம் முன்பே சொல்லிவைப்பது வீட்டாரின் கடமை. தெரியாமல் இருந்தால், நோய் முற்றிவிட்டதென்று எண்ணி அவர் உடைந்துபோவார்.

வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவை

முன்புறம் ஊக்கு வைத்த தளர்வான பருத்தி ரவிக்கைகளை முன்கூட்டியே தைத்து வையுங்கள். கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். பிறகு கதிர்வீச்சுக்காகக் கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்கவே முடியாது. அடுத்த நாளிலிருந்து விரல்களையும் முழங்கையையும் மடக்கி நீட்டலாம். அக்குளில் நீர் வடியக் குழாய் வைத்திருந்தால் அதை எடுத்த பிறகு, சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சியை நாள்தோறும் சில முறை செய்ய வேண்டும்.

மீன் கூடை சுமப்பவர்களும், ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், முந்திரி ஆலையில் வேலை செய்பவர்களும் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதை மருத்துவரிடம் தொழிலைச் சொல்லியே கேட்க வேண்டும். சும்மா "வேலைக்குப் போகலாமா" என்று கேட்டால், அவர் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலையை நினைத்துப் பதில் சொல்லிவிடலாம். நெறிகள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையில் மீன் முள், கத்தி, வெந்நீர் படாமல் காத்துக்கொள்ளுங்கள். கை சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சலுடன் தையல் இடத்தில் சீழ் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கீமோ தேவைப்படாதவர்களுக்குக் காயம் ஆறிய சில வாரங்களிலேயே கதிர்வீச்சு தொடங்கும். தேவைப்படுபவர்களுக்குக் கீமோ முடிந்த பிறகு. ஒரு நாளுக்கான கதிர்வீச்சு சில நிமிடங்களே, வலியும் இராது. இதனால் தலைமுடி கொட்டாது. உடலில் கதிர் தங்காது, பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். தோலில் வரைந்த கோடுகளை அழித்துவிடாதீர்கள். நாம் எதற்கும் தேய்க்கும் தேங்காயெண்ணெயையும் மஞ்சளையும் பவுடரையும் அந்த இடத்தில் மருத்துவரைக் கேட்காமல் பூசக்கூடாது. சோர்வும் தோல் கறுத்தலும் சில வாரங்களில் குறையும்.

ஹார்மோன் சார்ந்த புற்று என்றால் தமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரையை 5 முதல் 10 ஆண்டு வரை தினமும் எடுக்க வேண்டியிருக்கும். உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்துவதே இங்கு அதிகம் கேடு செய்வது. முதல் 3 ஆண்டுகளில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் முதல் மேமோகிராமும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் எடுக்க வேண்டும். தழும்பின் கீழ் சற்றுத் தடிப்பாக இருப்பது இயல்புதான்; புதிதாகத் தோன்றும் கட்டியையும், மறுபக்க மார்பக மாற்றத்தையும், குறையாத முதுகுவலியையும் அடுத்த தேதி வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள்.