முதல் நெப்பியோலோ பாட்டில்: கடையில் எடுப்பதிலிருந்து மறுநாள் மிச்சம் வரை

வட இத்தாலியில் உள்ள தொரீனோ நகருக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். சம்பளம் வந்த அன்று மாலை, பெயர் கேள்விப்பட்ட ஒரே காரணத்துக்காக, நெப்பியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ ஒயின் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுக் கோழி வறுக்கப் போனேன். மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கலாகவே விழுந்துவிட்டது. வறுவல் இறங்கியதும் பாட்டிலைத் திறந்து, கிளாஸ் நிறைய ஊற்றி, ஒரு பெரிய மடக்கு குடித்தேன். காய்ந்த கொட்டைப்பாக்கைக் கடித்து அடக்கிக்கொண்டது போல வாய் முழுக்க இழுத்துப் பிடித்தது. வேறு எந்த ருசியும் தெரியவில்லை. இதற்கா இவ்வளவு விலை என்று பாட்டிலைச் சமையல் மேடையிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை கழுவுதொட்டியில் கொட்டப்போகும்போது, சும்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உலர்ந்த ரோஜா இதழ் வாசம், பின்னாலேயே புதிதாகத் தார் போட்ட சாலையின் லேசான நெடி, சற்றே புளிப்பான செர்ரிப் பழம். நேற்றைய அதே பாட்டில்தான்.

முதல் நாள் நான் செய்த தவறுகள் மூன்று: அதிகமாகக் குளிர வைத்தது, அவசரப்பட்டது, காரத்தோடு குடித்தது. முதல் பாட்டிலிலேயே நீங்கள் இந்த மூன்றையும் தாண்டிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாட்டிலுக்கு முன் திராட்சை

நெப்பியோலோ வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்துக்காரத் திராட்சை. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இதன் பெயர் வருகிறது. இத்தாலிய மொழியில் மூடுபனிக்கு 'நெப்பியா' என்று பெயர். அக்டோபரில் லாங்கே குன்றுகளில் பனி இறங்கும் நேரத்தில் அறுவடையாவதால் இந்தப் பெயர் என்பார்கள். பழத்தின் தோலில் படியும் வெண்பூச்சைப் பார்த்து வைத்தது என்று சொல்பவர்களும் உண்டு.

இது விவசாயியின் பொறுமையைச் சோதிக்கும் கொடி. வசந்தத்தில் மற்ற ரகங்களுக்கு முன்பே துளிர்த்துவிடும், பழுப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில். முன்னால் உறைபனிப் பயம், பின்னால் மழைப் பயம். அதனால் நல்ல வெயில் விழும் தெற்குச் சரிவுகளை இதற்கு ஒதுக்கிவிட்டு, பார்பேரா, தோல்செத்தோ போன்ற வேறு ரகத் திராட்சைகளை மற்ற இடங்களில் நடுவது அங்கே வழக்கம். லேபிளில் 'சொரீ' என்று இருந்தால் வெயில் பார்த்த சரிவு, 'பிரிக்கோ' என்றால் குன்றின் உச்சி. இரண்டுமே உள்ளூர்ச் சொற்கள்.

புதிதாகக் குடிப்பவர் ஏமாறுவது நிறத்தில்தான். கிளாசில் ஊற்றினால் மாதுளைச் சாற்றைவிட வெளிறி இருக்கும், பின்னால் பிடித்த விரல் தெரியும். நிறம் இவ்வளவு இளசாக இருந்தால் ருசியும் மென்மையாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் துவர்ப்பு இதில் மிக அதிகம். நிறமி குறைவு, இருக்கும் நிறமியும் சீக்கிரம் மங்கும் ரகம். நிறம் போன வேகத்தில் துவர்ப்பு போவதில்லை. இத்தாலியர்கள் தன்னீனோ என்று சொல்வதற்கு நமக்குத் தனியாக விளக்கம் வேண்டாம். அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறோம். பாக்கு, கடுக்காய், வாழைப்பூ எல்லாம் பழகிய நாக்கு.

படி 1: பரோலோவில் தொடங்காதீர்கள்

நெப்பியோலோவிலிருந்து வரும் ஒயின்களில் பரோலோவுக்கும் பர்பரெஸ்கோவுக்கும்தான் பெயர் அதிகம். இரண்டுமே ஆல்பா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைபவை. பரோலோ வட்டாரத்தில் 11 ஊர்கள். விதிப்படி பரோலோவை 38 மாதம் முதிர வைக்க வேண்டும், அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில். பர்பரெஸ்கோவுக்கு 26 மாதம், பீப்பாயில் 9. இந்தக் கணக்கு அறுவடை ஆண்டின் நவம்பர் 1 அன்று தொடங்குகிறது. ஆகவே 2020 பரோலோ 2024 ஜனவரியில்தான் கடைக்கு வர முடியும். 'ரிசேர்வா' என்று போட்டிருந்தால் பரோலோவுக்கு 62 மாதம், பர்பரெஸ்கோவுக்கு 50.

இத்தனை மாதம் கழித்து வந்தாலும் பல பரோலோக்கள் இன்னும் முரட்டுப் பிள்ளைகள்தான். 10 வருடம் விட்டுவைத்தால் இணங்கி வரும். முதல் பாட்டிலுக்கு 10 வருடம் காத்திருப்பவர் யார்? 'லாங்கே நெப்பியோலோ' என்று கேட்டு வாங்குங்கள். குறைந்தது 85 சதவீதம் நெப்பியோலோ இருக்க வேண்டும் என்பது விதி, நடைமுறையில் பெரும்பாலும் முழுக்கவே அதுதான். பீப்பாயில் வைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. பரோலோ செய்பவர்களே, தங்கள் இளங்கொடிகளின் பழத்தை இதற்குத் திருப்பி விடுவதும் உண்டு. தொரீனோவில் இது சுமார் 15 யூரோவிலிருந்து கிடைக்கிறது, பரோலோவுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும்.

லாங்கே கிடைக்காவிட்டால் 'நெப்பியோலோ தால்பா', அல்லது தானரோ ஆற்றின் மறுகரையில் மணல் கலந்த மண்ணில் விளையும் 'ரோவேரோ' பார்க்கலாம். ரோவேரோவில் வெள்ளை ஒயினும் உண்டு, 'ரோசோ' (சிவப்பு) என்று சொல்லிக் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இதே திராட்சைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். வடக்கே கத்தினாரா, கெம்மே பக்கம் 'ஸ்பான்னா'. லொம்பார்தியா மாநிலத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய வல்தெல்லினா பள்ளத்தாக்கில் 'கியவென்னாஸ்கா'. அங்கே மலையைக் கற்சுவர்களால் படிப்படியாகக் கட்டி அதில் கொடி வளர்க்கிறார்கள். லேபிளில் நெப்பியோலோ என்ற சொல்லே இல்லாமல் நெப்பியோலோ வாங்கிவிட வாய்ப்பு உண்டு.

படி 2: லேபிளில் மூன்று இடம் பாருங்கள்

முதலில் ஆண்டு. லாங்கே நெப்பியோலோ என்றால் 2 முதல் 5 வருடத்துக்குள் இருப்பது போதும்.

அடுத்து ஆல்கஹால். 13.5 முதல் 15 சதவீதம் வரை சாதாரணம். வெளிறிய நிறத்தைப் பார்த்து இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் திறக்காதீர்கள்.

மூன்றாவது, பாட்டில் கழுத்தில் ஒட்டிய காகிதப் பட்டை. பரோலோ, பர்பரெஸ்கோ, ரோவேரோ, கத்தினாரா எல்லாம் டி.ஓ.சி.ஜி. என்ற உச்ச வகுப்பில் வருபவை, வரிசை எண்ணோடு அரசு முத்திரைப் பட்டை இருக்கும். பரோலோவும் பர்பரெஸ்கோவும் அந்த வகுப்புக்கு 1980இல் போயின. லாங்கே நெப்பியோலோ அதற்கு ஒரு படி கீழே, டி.ஓ.சி.

பரோலோ லேபிளில் ஊரை அடுத்து ஒரு தோட்டப் பெயரும் வரலாம். 2010 அறுவடையிலிருந்து அப்படி 170 பெயர்களை எல்லை வரைந்து அங்கீகரித்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்யும் வேலை இப்போது வேண்டாம். லா மொர்ரா ஊர் ஒயின் கொஞ்சம் மென்மை, செர்ரலுங்கா ஒயின் இறுக்கம் என்று ஒரு பொதுப் பேச்சு உண்டு, அது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.

படி 3: சூடு

16 முதல் 18 டிகிரி. இதற்கு வெப்பமானி தேவையில்லை. பாட்டிலைத் தொட்டால் மண்பானைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல் குளிர்ச்சி இருக்க வேண்டும். ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீடு என்றால் அலமாரியில் இருந்த பாட்டிலை 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கோடையில், 30 டிகிரி தாண்டும் வீட்டில், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

அதிகக் குளிர்ச்சியில் வாசம் அடங்கிவிடும், துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். என் முதல் நாள் கதை அதுதான். அதிகச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறும். எப்போதும் கொஞ்சம் குளிர்ந்த பக்கமே தொடங்குங்கள். கிளாசில் அது தானாகவே ஏறிக்கொள்ளும்.

படி 4: திறப்பது

உறையை வெட்டி, கார்க்கின் நடுவில் திருகாணியை நேராக இறக்கி இழுங்கள். மோந்து பாருங்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி போல, பழைய ஈரத் துணி போல நாற்றம் வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. காற்றாட விட்டாலும் அது போகாது, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய பாட்டில், அதாவது 10 வருடம் தாண்டியது யாராவது பரிசாகக் கொடுத்தால், ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். மண்டி அடியில் இறங்கும். பிறகு ஆடாமல் அசையாமல் வேறு ஜாடிக்கு ஊற்றி, கழுத்தருகே மண்டி வந்ததும் நிறுத்துங்கள். பழையதை மணிக்கணக்கில் காற்றில் விடாதீர்கள், வாசம் ஓடிவிடும். இளசுக்குத்தான் காற்று வேண்டும்.

படி 5: காத்திருப்பு

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

வயிறு அகன்று வாய் குறுகிய பெரிய கிளாஸ் எடுங்கள். அதன் அகலமான இடத்தைக்கூட எட்டாமல் கொஞ்சமாக ஊற்றுங்கள். திறந்தவுடன் ஒரு வாய். ஒரு மணி நேரத்தில் இன்னொரு வாய். இரண்டு மணி நேரத்தில் சாப்பாட்டோடு. மறுநாள் கடைசியாக ஒன்று. ஒரே ஒயினை நான்கு முறை பார்க்க வேண்டும்.

போன மாதம் மூன்று வருடப் பழசான லாங்கே நெப்பியோலோ ஒன்றில் நான் குறித்து வைத்தது இது. மாலை 6 மணி: ஆல்கஹால் நெடி, பிறகு பச்சைச் செர்ரி. கன்னத்தின் உட்பக்கம் ஈறோடு ஒட்டிக்கொள்கிறது. 7 மணி: வயலட் பூ மாதிரி ஏதோ, ஆனால் பிடிகொடுக்கவில்லை. 8 மணி: ரோஜா வந்துவிட்டது, வெந்நீர் ஊற்றிய உலர்ந்த இதழ் போல. துவர்ப்பு அதேதான், ஆனால் உரசல் இல்லை, மாவு தடவிய மாதிரி. கிளாசைச் சாய்த்து வெள்ளைக் காகிதத்தின் மேல் பிடித்தால் நடுவில் மாணிக்கச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கிறது. மூன்றே வருடத்தில் ஓரம் பழுப்பது இந்தத் திராட்சைக்கு இயல்பு, கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பாட்டிலின் கார்க்கை மட்டும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு 'காற்றாட விட்டேன்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கழுத்தின் குறுகலான வாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பரப்பில்தான் காற்று படும், அதனால் பெரிய பயன் இல்லை. அகலமான ஜாடியில் ஊற்றுங்கள். அதற்கென்று விற்கும் அன்னப்பறவைக் கழுத்து ஜாடி எல்லாம் வேண்டாம், தண்ணீர் ஜக்கே போதும். என்னுடையது எலுமிச்சைச் சாறு கலக்க வாங்கியது.

படி 6: வெறும் வயிற்றில் வேண்டாம்

துவர்ப்பு நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. சாப்பாட்டில் புரதமும் கொழுப்பும் இருந்தால் அந்தப் பிடி தளரும். புளிப்பும் இந்த ஒயினில் அதிகம், அது வாயில் படிந்த கொழுப்பை வழித்துவிடும். பியெமோந்தே சமையல் முழுவதுமே இதற்கு ஏற்பாடு செய்தது போல இருக்கும்: முட்டை மஞ்சள் கரு நிறைய சேர்த்துப் பிசைந்து மெல்லிசாக நறுக்கும் தஜரின் பாஸ்தா, அதன்மேல் வெண்ணெய். கறியைப் பொதிந்து, விரலால் கிள்ளி மூடும் சின்னஞ்சிறு அன்யொலொத்தி தெல் ப்ளின் ('ப்ளின்' என்றாலே கிள்ளல்). ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகும் மாட்டிறைச்சி பிரசாத்தோ. மலைமாடுகளின் பாலில் செய்யும் காஸ்தெல்மான்யோ பாலாடைக்கட்டி. இலையுதிர்காலம் என்றால் ஆல்பாவின் வெள்ளைத் திரஃபிள் காளான், அதன் விலையைப் பார்த்துவிட்டு நான் வாசத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் முற்றிய பர்மிஜானோ பாலாடைக்கட்டித் துண்டு ஒன்று போதும். கடித்துவிட்டு ஒரு வாய் குடியுங்கள், கடிக்காமல் ஒரு வாய் குடியுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

மிளகாய்க் காரம் மட்டும் கூடாது. காரம் எரித்த நாக்கில் துவர்ப்பும் ஆல்கஹாலும் இன்னும் உறைக்கும். இறைச்சி சாப்பிடாதவர்கள் காளானை வெண்ணெயில் நிதானமாக வதக்கிப் பாருங்கள். மிளகு கொஞ்சம் போட்டால் பரவாயில்லை.

படி 7: மிச்சம்

ஒரு பாட்டில் 750 மில்லி, 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். இருவர் என்றால் மிஞ்சத்தான் செய்யும். கார்க்கைத் திருப்பி அடைத்து ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். இளம் நெப்பியோலோ இரண்டு மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் உண்டு. குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுங்கள்.

மூன்றாம் நாள் காடி வாடை லேசாகத் தட்டினால் குடிக்க வேண்டாம், முழுக்கப் புளிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, ரிசோத்தோ என்ற இத்தாலியச் சாதத்துக்கான அரிசியைப் போட்டு இரண்டு நிமிடம் வறுத்து, மிஞ்சிய ஒயினை ஊற்றுங்கள். ஒயின் வற்றியதும் சூடான எலும்புச்சாறு அல்லது காய்கறி வேகவைத்த நீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினால் 18 நிமிடத்தில் அரிசி வெந்துவிடும். இறக்கி வெண்ணெயும் துருவிய பாலாடைக்கட்டியும் போடுங்கள். சாதம் வெளிறிய கத்தரிப்பூ நிறத்தில் வரும், பயப்படாதீர்கள்.