அம்மாவின் அமெரிக்க சிட்டிசன்ஷிப்: சர்ச் முகாமில் விண்ணப்பம் போட்ட கதை, படிப்படியாக

அம்மா கிரீன் கார்டு வாங்கி 16 வருஷம் ஆகிறது. "கார்டுதான் இருக்கே, இப்ப எதுக்குடா?" என்று தள்ளிக்கொண்டே வந்தவர், 2025-இல் விதிகள் மாறத் தொடங்கியதும் அவராகவே "போட்டுடலாம்" என்றார். வக்கீல் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்துத் தெரு சர்ச்சில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கும் இமிக்ரேஷன் முகாம்தான் கைகொடுத்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அங்கே யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

1. எதிரே உட்காருபவர் யார் என்று கேளுங்கள்

பாஸ்டர் நல்லவர் என்பதற்காக அங்கே இருக்கும் எல்லாரும் சட்ட ஆலோசனை சொல்லலாம் என்று ஆகாது. வக்கீலாக இருக்க வேண்டும், அல்லது அமெரிக்க நீதித்துறையின் (Department of Justice) அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் நீதித்துறை இணையதளத்திலேயே இருக்கிறது. பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். பகுதி அங்கீகாரம், முழு அங்கீகாரம் என்று இரண்டு உண்டு. இமிக்ரேஷன் கோர்ட்டில் வாதாட முழு அங்கீகாரம் வேண்டும். சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்துக்குப் பகுதி அங்கீகாரமே போதும். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் வக்கீல் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். முதலில் நாங்கள் ஒரு கடையில் காசு கொடுத்துத்தான் படிவம் நிரப்பினோம். அதில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தது சர்ச் முகாம்தான்.

2. பயணத் தேதிகள்

அந்தப் பிழை இதுதான். சிட்டிசன்ஷிப் விண்ணப்பமான என்-400 படிவத்தில், கடந்த 5 ஆண்டில் 24 மணி நேரத்துக்கு மேல் அமெரிக்காவை விட்டு வெளியே இருந்த ஒவ்வொரு பயணத்தையும் எழுத வேண்டும். கார் ஓட்டிக்கொண்டு கனடா போய் இரண்டு நாள் இருந்தாலும் கணக்கு. அம்மாவின் பாஸ்போர்ட்டில் அமெரிக்க முத்திரை எதுவும் இல்லை, சென்னை முத்திரைகள் மட்டும்தான். அந்தத் தேதிகளையே எழுதியிருந்தோம்.

அப்பாவின் சிகிச்சைக்காக அம்மா 2023-இல் ஊருக்குப் போயிருந்தார். சென்னை முத்திரைப்படி ஜனவரி 5 முதல் ஜூலை 4 வரை. ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. ஆனால் படிவம் கேட்பது அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய நாளும் திரும்பி வந்து இறங்கிய நாளும். டிக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் ஜனவரி 3, ஜூலை 5. ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு நாள்! ஆறு மாதத்தைத் தாண்டினால், அமெரிக்காவில் தொடர்ந்து வசிப்பது அறுந்துவிட்டது என்று அதிகாரி எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. வீட்டு வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றையும் பிரதிநிதி கேட்டு வாங்கி இணைத்தார். தேதியைத் தப்பாகவே விட்டிருந்தால் மறைத்ததாக ஆகியிருக்கும்.

என் யோசனை: ஆப் எதுவும் வேண்டாம், நோட்டில் நான்கு நெடுவரிசை போடுங்கள். கிளம்பிய நாள், திரும்பிய நாள், நாடு, ஆதாரம். விமான டிக்கெட் மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள்.

3. "எப்போதாவது" என்று தொடங்கும் கேள்விகள்

கைது, வழக்கு, வரி பாக்கி, வாக்களித்தது. சிட்டிசன் ஆகும் முன்பே, டிரைவிங் லைசன்ஸ் எடுக்கும்போது தெரியாமல் வாக்காளர் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் வக்கீல் பார்க்கும்வரை விண்ணப்பம் போடவே வேண்டாம். விண்ணப்பமே நாடுகடத்தல் வழக்குக்கு வாசலாகிவிடலாம். முகாமில் சிலரை "இப்போது போடாதீர்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்தது.

4. நன்னடத்தைக்குக் கடிதம்

ஆகஸ்ட் 2025-இல் குடியேற்றத் துறையிடமிருந்து வந்த வழிகாட்டுதல்படி, நன்னடத்தையைக் காட்ட குற்றம் ஏதும் செய்யவில்லை என்பது மட்டும் போதாது. சமூகத்தில் என்ன செய்தீர்கள், குடும்பத்தை எப்படிக் கவனித்தீர்கள், வரி கட்டினீர்களா என்றும் பார்க்கிறார்கள். அம்மா இரண்டு வருஷமாக அந்த சர்ச்சின் உணவு வங்கியில் அரிசி, பருப்பு பிரித்துக் கட்டிக் கொடுக்கிறார். பாஸ்டர் எழுதித் தந்த கடிதத்தில் அது தேதியோடு இருந்தது. "நல்லவர், பண்பானவர்" என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்த நாள், என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள்.

5. கட்டணம்

ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760. வருமானம் குறைவென்றால் 380. முழு விலக்கும் கேட்கலாம். அக்டோபர் 28, 2025-க்குப் பிறகு காசோலை வாங்குவதில்லை, கார்டு அல்லது வங்கிக் கணக்குதான். நான் ஆன்லைனையே சொல்வேன், ரசீது உடனே வந்துவிடும்.

6. தேர்வும் தமிழும்

அக்டோபர் 20, 2025 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய குடிமைத் தேர்வு. 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடுவார்கள்; 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு 61 வயது. 55 வயதும் கிரீன் கார்டோடு 15 ஆண்டும் ஆனவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு இல்லை, தமிழிலேயே பதில் சொல்லலாம். 50 வயதென்றால் 20 ஆண்டு வேண்டும். 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்கள் படிக்க வேண்டியது 20 கேள்விகள்தான்.

128 கேள்வி பதிலையும் தமிழில் என் குரலில் பதிவு செய்து கொடுத்தேன். அம்மா சமைக்கும்போது அது ஓடும். குக்கர் விசிலுக்கு நடுவே "மாடிசன், ஹாமில்டன், ஜே" என்று கேட்கும். ஆளுநர், செனட்டர் பெயர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஒரு முறை சரிபாருங்கள்.

மொழிபெயர்ப்பாளரை நாம்தான் கூட்டிப் போக வேண்டும். மகன் என்பதால் என்னை அதிகாரி மறுக்கலாம் என்று பிரதிநிதி சொன்னார். சர்ச் மூலம் ஒரு தமிழ் நர்ஸ் அக்கா வந்தார். மொழிபெயர்ப்பாளருக்கான ஜி-1256 படிவத்தில் அதிகாரி முன்னால்தான் கையெழுத்து போட வேண்டும். பதினான்காவது கேள்வியிலேயே அம்மா 12-ஐத் தொட்டுவிட்டார்.

பின்சேர்க்கை: இதைப் படித்த மூன்று பேர் படிவத்தில் இனிஷியலை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தார்கள். கிரீன் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விழுந்திருந்தால், அந்த வடிவத்தையும் "பயன்படுத்திய வேறு பெயர்கள்" பகுதியில் சேருங்கள். பெயரையே சட்டப்படி திருத்திக்கொள்ள விரும்பினால் அதே படிவத்தில் கேட்கலாம்; ஆனால் அப்போது உறுதிமொழி நீதிமன்றத்தில் நடக்க வேண்டியிருக்கும், சில ஊர்களில் அதற்குக் காத்திருப்பு கூடும்.