பழைய ராணுவ ஜீப்பைச் சீரமைக்க: மலையில் பிரேக்தான் முதல் வேலை

கோத்தகிரிப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் பழைய ஜீப்பைப் பார்த்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் கை துடிக்கும். பொறுங்கள். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் இறக்கம். ஆகவே என் வரிசையில் எஞ்சின் கடைசி.

படி 1: எந்த வண்டி?

1941 முதல் 1945 வரை வந்த வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற ராணுவ ஜீப்புகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ரேடியேட்டருக்குக் கீழே சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டகம்) குறுக்குச் சட்டத்தைத் தடவுங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ். செவ்வக வடிவம் என்றால் ஃபோர்டு. பானட் உயரமாக இருந்தால் அது பின்னாளில் மகிந்திரா தயாரித்த சிஜே-3பி. சேசிஸ் எண் ஆர்சி புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

படி 2: பிரேக்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் தூசியை வாயால் ஊதாதீர்கள். டிரம்மில் உரசும் பட்டையான பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பனிமூட்டத்தில் பல வருடம் நின்ற வண்டியில், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். நான்கையும் மாற்றுங்கள், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்து. என் ஜீப்பில் ஒரு ஹோஸ் வெளியே புதிதுபோல் இருந்தது, உள்ளே வீங்கி அடைத்திருந்தது. பெடலை விட்ட பிறகும் இடது முன்சக்கரம் பிடித்தபடியே நின்றது. இந்த வண்டியில் பிரேக் இணைப்பு ஒன்றுதான்: ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

படி 3: துரு

தரைத்தகட்டின் அடியில் ஓடும் சட்டங்களுக்குள் மரக்கட்டை செருகியிருப்பார்கள். நீலகிரி மழைக்கு அது பஞ்சுபோல் நீரைக் குடித்து, தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்கினால் வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் வெல்டிங் செய்யுங்கள். அசல்படி மீண்டும் மரம் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் ஈரத்தில் நான் வைக்க மாட்டேன்.

பெயின்ட் வேலைக்குத் தை, மாசி மாதத்து நடுப்பகல் வெயில்தான் நல்லது. பனியில் அடித்தால் வெளுத்துவிடும்.

படி 4: எஞ்சின்

ராணுவ ஜீப்பின் எஞ்சின் 2,199 சிசி, 60 குதிரைத்திறன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்கம் செருகும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் முறியும். அசல் மின்னமைப்பு 6 வோல்ட். மாற்றப்படாத வண்டியில் 12 வோல்ட் பேட்டரியைக் கொடுக்காதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டரை இங்கேயே சரிசெய்யுங்கள், சமவெளியில் அல்ல.

படி 5: முதல் ஓட்டம்

குன்னூர் இறக்கம் இப்போது வேண்டாம். நிறுத்திய வண்டியில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது கீழே இறங்கக் கூடாது. பிறகு சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால், அந்தச் சக்கரத்தை மறுபடி கழற்றுங்கள்.