கிட்டாரில் பிரிட்ஜ் இடம் மாறி ஒட்டிவிட்டால்

கிட்டாரின் மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டுதான் பிரிட்ஜ். அதை ஒட்டிக் கிளாம்ப்பை (இறுக்குப் பிடியை) இறுக்கும்போது ஈரப் பசையில் பிரிட்ஜ் வழுக்கி நகர்வது சகஜம். 2 மி.மீ. பின்னால் போனாலே மேல் ஃப்ரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் உடல்பக்கம் இருப்பவற்றில்) சுருதி சேராது. சில நிமிடங்களுக்குள் கண்டுபிடித்தால் உடனே கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி ஒட்டிவிடலாம்.

காய்ந்த பிறகு சூடுதான் வழி. மஞ்சள் மரப்பசை 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். முதலில் சேடிலை (பிரிட்ஜில் கம்பிகள் படியும் மெல்லிய பட்டையை) எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் என்றால் உருகும். பிரிட்ஜ் அளவுக்குத் துளை வெட்டிய அட்டையில் அலுமினியத் தாள் சுற்றி, மேல்பலகையை மூடுங்கள். மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைப் பிரிட்ஜ்மேல் வைத்து, சில நிமிடங்களுக்கொருமுறை ஓரத்தில் மெல்லிய, மழுங்கிய தகட்டுக் கத்தியை நுழைத்துப் பாருங்கள். நெம்பவே கூடாது. மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மர நார் பிய்ந்து எழுந்தால் நிறுத்தி, எதிர்ப்புறமிருந்து வாருங்கள். நீராவி வேண்டாம், உள்ளே இருக்கும் தாங்கு கட்டைகளின் ஒட்டும் விட்டுப்போகும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது சுத்தம் செய்வதில். காய்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது. வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த துணியால் ஊறவைத்து, இரு பக்கமும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, ஒருநாள் உலரவிடுங்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் பட்டையிலிருந்து) 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். எஃகுக் கம்பி கிட்டாரில் முதல் (மிக மெல்லிய) கம்பிக்கு அந்த நீளத்தைவிடச் சுமார் 2 மி.மீ., ஆறாம் (மிகத் தடித்த) கம்பிக்கு 4 முதல் 5 மி.மீ. கூடுதலாகச் சேடில் தள்ளியிருக்க வேண்டும். இடம் சரியானதும் ஓரத்து இரண்டு கம்பித் துளைகளிலும் இறுக்கமாகப் பொருந்தும் டிரில் பிட்களைச் செருகிவிட்டு ஒட்டினால் பிரிட்ஜ் நகராது. பசை பிட்டில் ஒட்டாமலிருக்க மெழுகு தடவுங்கள். 24 மணி நேரம் கழித்தே கம்பி மாட்டுங்கள்.