மறுநாள் காலை முட்டி என்ன சொல்கிறது? அதிக எடையும் மூட்டு வலியும் உள்ளவர்கள் நடக்கத் தொடங்குவது எப்படி

மூன்று வருடத்துக்கு முன்னால் என் எடை 121 கிலோ. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது முட்டி இன்னும் மோசம். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் எங்கள் வீட்டுக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் நாலு விளக்குக் கம்பம்தான். அந்தத் தூரத்தையே ஒரு திண்ணையில் உட்கார்ந்து எழுந்துதான் கடப்பேன்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "தினம் ஒரு மணி நேரம் நடங்க, எல்லாம் சரியாயிடும்." ரோஷத்தில் ஒரு நாள் நாற்பது நிமிடம் நடந்தேன். அடுத்த ஒன்பது நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனேன். அப்புறம் நாலு மாதம் செருப்பையே தொடவில்லை.

அந்த நாலு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் டாக்டர்

நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டுவது, தலை சுற்றி விழுவது, ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலிப்பது இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். முட்டி சிவந்து சூடாக வீங்கியிருந்தாலும், மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலும் நடந்து பழுதுபார்க்க முடியாது, காட்டியே ஆகவேண்டும். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருப்பது தேய்மானத்தில் சகஜம். பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் இறுக்கம் போகவில்லை, விரல் மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் வேறு வகை வாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், நடக்கும்போது சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

தேய்ந்த முட்டியோடு நடக்கலாமா?

நானும் பயந்தேன். டயர் தேய்வது போல நடக்க நடக்க இன்னும் தேயும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் காட்டி விளக்கினாள். "அம்மா, முட்டியில இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அமுங்கி விடும்போதுதான் சுத்தியிருக்கிற திரவத்தை உறிஞ்சிச் சாப்பிடும். நீங்க உட்கார்ந்தே இருந்தா அது பட்டினி."

சரி, ஆனால் இத்தனை கிலோவை அது தாங்குமா? அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் முட்டித் தேய்மானம் உள்ள பருமனானவர்களை நடக்கவிட்டு அளந்து 2005-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது. அதைப் படித்ததும் எனக்குக் குஷி. அடுத்த நிமிடமே, ஏற்றிவைத்திருக்கும் ஒவ்வொரு கிலோவும் நாலாக விழுகிறதே என்று வயிற்றைக் கலக்கியது. இரண்டும் ஒரே கணக்குதான். அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு அளவு முக்கியம். ஐம்பது கிலோக்காரர் நடக்கும் ஒரு மணி நேரமும் நாம் நடக்கும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல.

செருப்பு, உடை, தொடை

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் நடையை விட்டது முட்டியால் அல்ல, தொடை உரசிப் புண்ணானதால்.

ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். அன்றைய வீக்கமெல்லாம் காலில் இறங்கியிருக்கும் நேரம் அது. காலையில் சரியாக இருக்கும் ஷூ மாலையில் கடிக்கும். நின்றபடி போட்டுப் பாருங்கள், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பெண்கள் அளவில் அகலம் போதாவிட்டால் வெட்கப்படாமல் ஆண்கள் ஷூவைக் கேளுங்கள். நான் போடுவது அதுதான். ஷூவை வளைத்தால் விரல் பக்கம் மட்டும் வளையவேண்டும். நடுவில் அப்பளம் மாதிரி மடிந்தால் வேண்டாம். குனிந்து லேஸ் கட்ட வயிறு விடாது என்பவர்கள் ஒட்டுப்பட்டை வைத்ததை வாங்கி, காலை ஒரு மணைமேல் தூக்கி வைத்துப் போடுங்கள்.

சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களுக்குப் பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு நல்லது. அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, கோயில் பிரகாரமாக இருந்தாலும் சரி. இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

சுடிதாரோ புடவையோ, உள்ளே முட்டி வரைக்கும் சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள். வந்ததும் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படை வரும். வேட்டி கட்டும் ஆண்களுக்கும் இதே வைத்தியம்தான். தும்மினால் சிறுநீர் கசியும் தொந்தரவு உள்ள பெண்கள் ஒரு பேட் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள்.

தெருவில் இறங்குவதற்கு முன் பத்து நாள்

முட்டியைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைச் சதை. அது சோர்ந்திருந்தால் சுமை முழுக்க மூட்டில்தான் இறங்கும். அதனால் முதல் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இதைச் செய்யுங்கள்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டைக் கீழே நசுக்குவது போல முட்டியை அழுத்தி, மனசுக்குள் ஐந்து எண்ணி விடுங்கள். காலுக்குப் பத்து முறை.

அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். இதுவும் பத்து.

மூன்றாவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் விரிந்து வழுக்கும் (ஒரு தடவை எனக்கு உடைந்தே போனது). மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே ஒரு தலையணை வைத்து உயரமாக்கிக்கொள்ளுங்கள். முதலில் கையை ஊன்றியே எழுங்கள். ஐந்து முறை செய்ய முடிந்தாலே பெரிது. வாரங்கள் போகப்போகத் தலையணையை எடுத்துவிடலாம்.

குழம்பு கொதிக்கும் நேரத்தில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். இவற்றை நடக்க ஆரம்பித்த பிறகும் விடக்கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒரு நாள் சமதரையில் சாதாரண வேகத்தில் நடந்து பாருங்கள். வலி வழக்கத்தைவிட ஏறத் தொடங்கும்போதோ மூச்சு வாங்கும்போதோ நின்று கடிகாரத்தைப் பாருங்கள். எனக்கு நாலு நிமிடம். அதில் பாதிதான் தொடக்க அளவு, அதாவது இரண்டு நிமிடம். சிரிப்பாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் சிரித்தார்கள். "இதுக்கா ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஷூ?"

அந்த இரண்டு நிமிடத்தைக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை நடந்தேன். மதிய வெயிலில் வீட்டுக் கூடத்திலேயே. துண்டு துண்டாக நடந்தால் பலன் இல்லை என்பது பழைய நம்பிக்கை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது.

வேகம்? முதல் மாதம் பாசுரமோ சினிமாப் பாட்டோ முணுமுணுத்துக்கொண்டே போக முடியவேண்டும். பிறகு பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு வரலாம். பேச்சே வரவில்லை என்றால் அதிகம்.

மறுநாள் காலைக் கணக்கு

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய மூட்டுத் தேய்மானப் பயிற்சித் திட்டத்தில் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். வலியே இல்லாததற்குப் பூஜ்ஜியம், தாங்கவே முடியாததற்குப் பத்து. நடக்கும்போது இரண்டு வரை கவலையில்லை, ஐந்து வரை பொறுக்கலாம், அதற்கு மேல் போனால் நிறுத்து. ஏறிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும்.

நான் காலண்டரில் தினமும் காலை காபி குடித்த பிறகு ஓர் எண் எழுதுவேன். நேற்றைப் போலவே இருந்தால் அதே நடை. கூடியிருந்தால் அன்றைக்குப் பாதி. வீக்கம் தெரிந்தால் அன்று தெருவுக்கு லீவு, கட்டில் பயிற்சி மட்டும். ஐந்தாறு நாள் தொடர்ந்து எண் ஏறாமல் இருந்தால்தான் ஒரு நிமிடம் கூட்டுவேன். நடக்கும்போது வரும் உற்சாகத்தை நம்பாதீர்கள், அது என்னை நாற்பது நிமிடம் கூட்டிக்கொண்டு போன அதே உற்சாகம். நடப்பதற்காக வலி மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புவதும் இதே ஏமாற்றுத்தான். முட்டி கத்துவது காதில் விழாமல் போய்விடும். டாக்டர் தினசரிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை வேறு விஷயம், அதைச் சொன்னபடி சாப்பிடுங்கள்.

கூட்டும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் நிமிடம், பிறகு சுற்று, கடைசியில் வேகம். எனக்கு முதல் வாரம் இரண்டு நிமிடம், மூன்று வேளை. ஆறாவது வாரம் ஐந்து நிமிடம், மூன்று வேளை. மூன்றாவது மாத முடிவில் பத்து நிமிடம், இரண்டு வேளை. நடுவில் சளிக் காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டு, எழுந்ததும் விட்ட இடத்தில் தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்கினேன். அரை மணி நேரம், நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து நடக்க வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கே, எப்படி

சமதரை, நூறு அடிக்கு ஒரு தடவையாவது உட்கார இடம். இரண்டும் இருந்தால் அதுதான் நல்ல பாதை. எனக்குத் திண்ணைகள் வாய்த்தன. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத தாழ்வான இடம் உதவாது. வலி வருவதற்கு முன்பே உட்காருங்கள். இரண்டு கம்பத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் வலியோடு பேரம் பேச வேண்டியதில்லை.

தார் ரோடு ஓரத்தில் சரிந்திருக்கும். சரிவு எப்போதும் ஒரே கால் பக்கமாகவே இருந்தால் ஒரு காலில் கூடுதல் அழுத்தம் விழும், போகும்போது ஒரு கால் பக்கமும் வரும்போது மறு கால் பக்கமும் சரிவு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உழைப்பு வாங்கும், காலும் புரளும்.

"அக்கா, மொட்டை மாடியில எட்டு போடுங்க" என்று பக்கத்து வீட்டில் அன்பாகச் சொன்னார்கள். எட்டு வடிவ நடையின் பெருமைகளைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. ஆனால் நூறு கிலோவுக்கு மேல் உடம்பை வைத்துக்கொண்டு சின்ன இடத்தில் திரும்பித் திரும்பி நடந்தால் முட்டி முறுக்கப்படுகிறது. அதுவும் கூழாங்கல் மேல் என்றால் ஆரம்பக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன்.

ஒரு கால் மட்டும் அதிகம் வலித்தால் கைத்தடியை எதிர்க் கையில் பிடிக்கவேண்டும். வலது முட்டிக்கு இடது கை. தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போகும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகை உயரத்தில் இருக்கவேண்டும். "இந்த வயசிலேயே தடியா" என்று நாலு நாள் கேட்பார்கள், ஐந்தாவது நாள் கேட்க மாட்டார்கள். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

பத்தாயிரம் அடி என்ற பூச்சாண்டி

போனில் அடிக் கணக்கு பார்த்து மனசு உடைபவர்களுக்கு: இந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் கண்டுபிடித்தது அல்ல. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. வயதான பெண்களை வைத்துச் செய்த ஹார்வர்டு ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நான் தொடங்கியபோது என் கணக்கு 1,100. அதை 1,500 ஆக்குவதுதான் அப்போதைய லட்சியம்.

எடை? நடையால் மட்டும் என் எடை பெரிதாக இறங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாலு மாதத்தில் இரண்டு கிலோ. சாப்பாட்டில் கை வைத்த பிறகுதான் முள் நகர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே மளிகைக் கடைக்கு நிற்காமல் போய்வந்துவிட்டேன், எடை இயந்திரத்துக்கு அது தெரியாது.

இப்போது 99 கிலோ. காலையில் முப்பத்தைந்து நிமிடம். போன மாதம் நாத்தனார் குடும்பத்தோடு மலைக்கோட்டைக்குப் போனோம். நானூறுக்கும் மேல் படி. "இப்பதான் நல்லா நடக்கறீங்களே அண்ணி, ஏறிடலாம் வாங்க" என்றாள். காலண்டரில் அன்று காலை எழுதிய எண் மூன்று. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னிதியில் உட்கார்ந்து, அவர்கள் இறங்கி வரும்வரை செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.