எழுத்து கையில் இருக்கிறது, சொல் மட்டும் சிக்கவில்லையா?

சி, ஏ, ஆர், ஈ. இந்த நாலு எழுத்தை வைத்து ஆங்கிலச் சொல் சொல்லுங்கள் என்றால் 'கேர்' உடனே வந்துவிடும். கொஞ்சம் யோசித்தால் 'ரேஸ்'. மூன்றாவதாக 'ஏக்கர்' இருக்கிறது, அதுதான் பலருக்கு வராது. தமிழிலேயே சாதாரணமாகப் புழங்குகிற சொல், ஆனாலும் வராது. ஏனென்றால் 'கேர்' என்று ஒருதரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த நிமிடமே சி என்பது சொல்லின் தொடக்கத்தில் வருகிற 'க' ஒலியாக உறைந்துபோகிறது, கடைசி ஈ ஊமையாகிவிடுகிறது, அதற்கப்புறம் நாம் தேடுவது எழுத்துகளை அல்ல, அந்த ஒலியைத்தான்.

என்னைக் கேட்டால், கையில் உள்ள எழுத்துகளில் சொல் தேடும்போது செய்கிற மிகப் பெரிய தவறு இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். தமிழில் எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே வாசித்துவிடலாம் என்பதால் காதை நம்பியே நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் காது கவிழ்த்துவிடும். ஓ, சி, ஈ, ஏ, என் என்ற ஐந்தில் எனக்கு ஒருமுறை 'கனூ' கிடைத்தது, படகுதான், பெருமையாகவும் இருந்தது, ஆனால் அதே எழுத்துகளில் ஒரு முழு 'ஓஷன்' கிடந்தது கண்ணில் படவே இல்லை. சி என்ற எழுத்து 'ஷ' என்று ஒலிக்கும் என்று யார் எதிர்பார்ப்பது? ஏ, ஈ, ஜி, எல், என் எடுத்துக்கொண்டாலும் இதே கதை: 'ஏஞ்சல்', 'ஆங்கிள்' இரண்டும் உண்டு, ஒன்றில் ஜி 'ஜ', இன்னொன்றில் 'க'.

இதற்கு ஒரு எளிய வழி, எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுவது. வரிசையாக எழுதினால் வாய் தானாக வாசிக்கத் தொடங்கிவிடும். வட்டத்தில் எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியாது. (டி, பி இரண்டையும் எடுத்துக்காட்டுகளில் நான் தவிர்ப்பதைக் கவனித்திருக்கலாம், தமிழில் எழுதினால் எந்த டி, எந்த பி என்று குழம்பும்.)

அடுத்தது, கேள்வியையே சரியாகப் படிக்காதது. 'ஏ, சி, ஈ உள்ள சொற்கள்' என்றால் என்ன பொருள்? மூன்றும் எங்காவது இருந்தால் போதுமா? அப்படியானால் 'டீச்சர்', 'ஓஷன்' எல்லாம் சரி. இதே வரிசையில், ஆனால் இடைவெளி விட்டு வரலாமா? 'மெஷின்' சரி, 'ஓஷன்' வெளியே. ஒட்டி ஒட்டியே வர வேண்டுமா? 'ஃபேஸ்', 'ஸ்பேஸ்', 'பேலஸ்'. இந்த மூன்றைத் தவிர வேறு எழுத்தே கூடாதா? 'ஏஸ்' ஒன்றுதான் மிஞ்சும், சீட்டுக்கட்டில் வருகிற ஏஸ். நாலும் வேறு வேறு கேள்விகள், பலர் ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே எழுத்தை இரண்டு முறை பயன்படுத்தலாமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கிற ஸ்கிராபிள் விளையாட்டில் கையில் ஓர் ஈ இருந்தால் ஓர் ஈதான், எல், ஈ, ஏ, எஸ் வைத்துக்கொண்டு 'லீஸ்' என்று அடுக்க முடியாது, அதற்கு ஈ இரண்டு வேண்டும். 'சேல்', 'சீல்' போடலாம். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ என்ற சொல் விளையாட்டில் கதை தலைகீழ்: ஏழு எழுத்து, எதை வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் போடலாம், ஆனால் நடு எழுத்து கட்டாயம், சொல் குறைந்தது 4 எழுத்தாவது இருக்க வேண்டும்.

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கிற வேர்டில் விளையாட்டில் இதுவே வேறு மாதிரி மாட்டிவிடும். விடை 'ஆங்கிள்', நீங்கள் அடித்தது 'ஈகிள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஈ பச்சை (எழுத்தும் இடமும் சரி), முதல் ஈ சாம்பல் (பொருந்தவில்லை). சாம்பலைப் பார்த்துவிட்டு 'ஈ கிடையாது போல' என்று குழம்பக் கூடாது. இரண்டாவது ஈ இல்லை என்பதுதான் அதன் பொருள்.

பின்னொட்டை நம்பி ஏமாறுவதும் உண்டு. ஐ, என், ஜி மூன்றும் கையில் வந்துவிட்டால் உடனே 'இங்' என்று ஒட்டித் தனியே ஒதுக்கிவிடுவோம். நல்ல உத்திதான், ஆனால் கொஞ்ச நேரத்தில் பிரித்துப் போட்டுவிட வேண்டும். எம், ஏ, எல் கூட இருந்தால் 'இங்' போட்டு 'லேமிங்' (முடமாக்குதல்) கிடைக்கும், சரி. பிரித்தால்தான் 'மலைன்' (அவதூறு பேசுதல்) வரும். இன்னொன்றும் வரும்: 'லிங்கம்'. ஆமாம், ஆங்கில அகராதியில் இருக்கிற சொல்தான்.

உயிரெழுத்து இல்லையே என்று கையை விரிப்பது இன்னொன்று. ஒய் இருந்தால் போதும், 'ஸ்கை', 'ஃப்ளை', 'லிங்க்ஸ்' (காட்டுப்பூனை வகை) எல்லாம் அதை வைத்தே ஓடுகின்றன. 'ரிதம்' என்பதில் ஏ, ஈ, ஐ, ஓ, யு ஒன்றுகூட இல்லை. அதேபோல க்யூ வந்ததும் யு வரட்டும் என்று காத்திருப்பது, ஸ்கிராபிளில் 10 புள்ளி உள்ள எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. க்யூ, ஐ இரண்டே எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது, 'சீ' என்று வாசிப்பார்கள், சீனர்கள் சொல்லும் உயிராற்றல். 'ஃபகீர்' என்பதையும் யு இல்லாமல் க்யூ போட்டு எழுதலாம்.

எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினால், 7 வெவ்வேறு எழுத்துகளை மட்டும் 5,040 விதமாக அடுக்கலாம். அது கணினிக்கான வேலை.

கணினியிடம் கொடுத்தாலும் தவறு நடக்கும். ரெகெக்ஸில் (எழுத்து வடிவத்தைக் குறியீடுகளால் சொல்லித் தேடும் முறை) சதுர அடைப்புக்குள் ஏ, சி, ஈ மூன்றையும் போட்டால் 'மூன்றும்' என்று பொருளாகாது, 'மூன்றில் ஏதோ ஒன்று' என்றுதான். மூன்றும் வேண்டுமென்றால், கிரெப் என்ற தேடல் கட்டளையில் முதலில் ஏ உள்ளவை, அதிலிருந்து சி உள்ளவை, அதிலிருந்து ஈ உள்ளவை என்று மூன்று தடவை வடிகட்டுவதே எனக்குச் சுலபமாக இருக்கிறது. அப்புறம் கேள்விக்குறி. குறுக்கெழுத்து மாதிரித் தேடலில் அது 'இந்த இடத்தில் ஏதோ ஓர் எழுத்து'. ஸ்கிராபிள் கருவிகளில் பெரும்பாலும் அது வெற்று வில்லை, அதாவது எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம், எந்த இடத்திலும் உட்காரும். ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றில் அதேபோல அடித்தால் பட்டியல் நீளமாக வரும், கேட்டது மட்டும் இருக்காது.